கிளிநொச்சியில் வாங்கிய 27,900 ரூபா ரப்: ஐந்து மாதப் பாவனைக்குப் பின்

2025 பெப்ரவரி நடுப்பகுதியில், கிளிநொச்சி நகரில் கண்டி வீதியோரமாக உள்ள ஓர் இலத்திரனியல் கடையில், தரம் 10 இல் படிக்கும் என் மகளுக்காக 10.1 அங்குலத் திரை கொண்ட புதிய மலிவு ரப் ஒன்றை 27,900 ரூபா கொடுத்து வாங்கினேன். செய்திகளில் இதை டெப் கணினி என்று எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் வாயில் வருவது ரப் என்பதுதான், ஆகையால் அப்படியே எழுதுகிறேன். பெட்டியில் அச்சிட்டிருந்த பெயரை இங்கு குறிப்பிடவில்லை. இதே உடலும் இதே திரையும் கொண்ட கருவி வேறு இரண்டு பெயர்களில் பரந்தனிலும் வவுனியாவிலும் விற்பனைக்கு இருப்பதைப் பின்னர் கண்டேன். பெயரைச் சொன்னால் அந்தப் பெயர் ஒட்டியிருப்பதை மட்டும் தவிர்த்துவிட்டு, அதே பொருளை வேறு பெயரில் வாங்கி வருவோர் இருப்பார்கள்.

கருவியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னர் அது எங்கள் ஊருக்குள் வந்து சேர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கூரையில் இரண்டு ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று வட்டக்கச்சி, தருமபுரம், விசுவமடு என்று ஒரு கிழமை முழுவதும் கிறவல் வீதிகளில் ஓடியது. பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். ரியூட்டரிகளின் வட்ஸ்அப் குழுக்களில் அதே பிரசுரம் நாளொன்றுக்கு மூன்று தடவை வந்து விழுந்தது. இந்த நாட்களை யாரோ கணக்குப் பார்த்துத்தான் தெரிவு செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 2024ஆம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் ஜனவரிக் கடைசியில் வெளியாகியிருந்தன. சித்தியடைந்த பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெப்ரவரி முதற்கிழமையில் அரசு நெல்லுக்கான உத்தரவாத விலையை அறிவித்தது. காலபோக அறுவடை முடிந்து, வருடத்தில் ஒருமுறை கையில் மொத்தமாகக் காசு புரளும் நேரம் அது. மார்ச் நடுப்பகுதியில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை தொடங்க இருந்தது. மகிழ்ச்சி, காசு, பயம் ஆகிய மூன்றும் ஒரே மாதத்தில் ஒரு குடும்பத்துக்குள் வந்து சேர்வது வன்னியில் அந்த ஒரு மாதத்தில்தான், ஓட்டோவும் அந்த மாதத்தில்தான் வந்தது.

இடையில் வந்த ஒரு விபத்தையும் விளம்பரக்காரர்கள் வீணாக்கவில்லை. பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் குரங்கு ஒன்று புகுந்ததால் என்று சொல்லப்பட்ட காரணத்தால், நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது அனைவருக்கும் நினைவிருக்கும். இரண்டு நாள் கழித்து அதே ஓட்டோ வந்தபோது புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: “மின்சாரம் போனாலும் பிள்ளையின் படிப்பு போகாது!” எழுதியவர் யாரோ, நல்ல கெட்டிக்காரர்.

அறிமுக நாளன்று கடை வாசலில் ஐம்பது, அறுபது பேர் நின்றார்கள். முதல் நூறு பேருக்கு உறையும் ஹெட்செட்டும் இலவசம் என்று அறிவித்திருந்தார்கள். பதாகையில் 44,900 என்ற எண்ணைச் சிவப்புக் கோட்டால் வெட்டி, கீழே 27,900 என்று எழுதியிருந்தார்கள். அன்றுதான் முதன்முறையாக விற்பனைக்கு வரும் பொருள் அதற்கு முன்னர் 44,900 ரூபாவுக்கு எங்கே விற்கப்பட்டது என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை, மற்றவர்களுக்கும் வரவில்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு வயோதிப அம்மா விற்பனை செய்த இளைஞரிடம் கேட்டதை மட்டும் இன்றுவரை மறக்க முடியவில்லை.

“தம்பி, பேத்திக்குச் சூம் வகுப்புக்கு வேணும். உதிலை வருமோ?”

“எல்லாம் வரும் அம்மா. பன்னிரண்டு ஜீபி றாம், 5ஜீ, கேம் எல்லாம் தாராளமா ஓடும்.”

“எல்லாம் வேண்டாம் தம்பி. சூம் வருமோ?”

வாங்க வந்தவர்களின் தேவை எது, விற்க வந்தவர்கள் காட்டிய பொருள் எது என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் எழுத முடியாது. வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலானோருக்குத் தேவைப்பட்டது பிள்ளை வினாத்தாள் பார்ப்பதற்கும் இணைய வகுப்பில் இருப்பதற்கும் ஏற்ற, கைத்தொலைபேசியை விடப் பெரிய ஒரு திரை. அந்தத் தேவை விளம்பரம் உண்டாக்கியது அன்று. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அப்பாவின் ஐந்தரை அங்குலத் தொலைபேசியில் மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் படித்த வீடுகளில் அது அப்போதே உண்டாகிவிட்டது. அதற்கும் முன்னர், 2016 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் உயர்தர மாணவர்களுக்கு இலவசமாக ரப் வழங்கப்போவதாக அறிவித்திருந்தார்கள். அந்த நேரம் உயர்தரம் படித்த என் அக்காவின் மகன் அதை நம்பி, வரப்போகும் ரப்புக்கு உறைகூடப் பார்த்து வைத்திருந்தான். அவனுடைய கைக்கு ரப் வரவில்லை. இப்போது வவுனியாவில் வேலை செய்கிறான், அந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பான்.

விலை ஒன்றே வரிசையை உண்டாக்கும் என்பது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய விடயம் அன்று. 2011ஆம் ஆண்டில் நடந்த இரண்டு சம்பவங்கள் இதற்குப் போதும். அமெரிக்காவில் ஹெச்பி நிறுவனம் யூலையில் 499 டொலருக்கு டச்பேட் என்ற ரப்பை வெளியிட்டது. விற்பனை மந்தமாக இருந்ததால் ஏழு கிழமைகளுக்குள் அதைக் கைவிடுவதாக அறிவித்து, எஞ்சியவற்றை 99 டொலருக்குத் தள்ளிவிட்டது. 499 டொலருக்கு ஏறெடுத்துப் பார்க்காத சனம் 99 டொலர் என்றதும் கடைகளை ஒரே மூச்சில் வெறுமையாக்கியது, இத்தனைக்கும் அது உற்பத்தியாளரே கைகழுவிய பொருள். அதே வருடம் ஒக்ரோபர் 5ஆம் திகதி டெல்லியில், மாணவர்களுக்கென இந்திய அரசு கொண்டுவந்த ஆகாஷ் ரப் அறிமுகமானது. உலகம் முழுவதும் பேசப்பட்டது அதன் 35 டொலர் விலைதான். 366 மெகாஹேர்ட்ஸ் செயலியும் 256 எம்பி நினைவகமும் உடைய கருவி அது. விரல் பட்டால் போதாது, அழுத்தினால்தான் அசையும் பழைய வகைத் தொடுதிரை. அதை வாங்கிய மாணவருக்கு அன்றாடம் முகம் கொடுக்க வேண்டியிருந்தது அந்தத் திரைக்கு.

இனி என் கையில் உள்ளதைப் பார்ப்போம். அந்த இளைஞர் சொன்ன பன்னிரண்டு ஜீபி என்ன என்பதை முதலாவது இரவே கண்டுகொண்டோம். அமைப்புகளுக்குள் “மெமரி எக்ஸ்டென்ஷன்” என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை நிறுத்திவிட்டுக் கருவியை மீள இயக்கியபோது பன்னிரண்டு நான்காகிவிட்டது. உண்மையான றாம், அதாவது கருவி வேலை செய்யும்போது பயன்படுத்தும் வேகமான நினைவகம், நான்கு ஜீபி. மீதி எட்டும் சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கி, தற்காலிகமாக நினைவகம் போலப் பயன்படுத்தப்படுவது. சேமிப்பகம் றாமின் வேகத்துக்குக் கிட்டவும் வராது என்பதால், அந்த எட்டையும் இந்த நான்கையும் கூட்டி ஒரு எண்ணாக எழுதுவது, கிணற்றுத் தண்ணீரையும் குளத்துக்குப் போய் அள்ளி வரவேண்டிய தண்ணீரையும் கூட்டி வீட்டில் இவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்வது போன்றது. அதேபோல 64 ஜீபி என்று அச்சிட்ட சேமிப்பகத்தில் எங்களுக்கென்று எஞ்சியிருந்தது 48க்குச் சற்று மேல். இது எல்லாக் கருவிகளிலும் உள்ள வழமைதான், அதற்காக யாரையும் குறை சொல்வதற்கில்லை. எட்டு ஜீபியை அந்தப் போலி நினைவகத்துக்கும் கொடுத்துவிட்டால் எஞ்சுவது 40 என்பதை மட்டும் பிரசுரத்தில் எழுதியிருக்கலாம்.

5ஜீ கதை இன்னும் வேடிக்கையானது. பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 5ஜீ என்றும், அதன் கீழே கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவில் வைஃபை என்றும் இருந்தது. ஐந்தாம் தலைமுறை வலையமைப்புக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபை வேலை செய்யும் என்பதைத்தான் அப்படிச் சுருக்கியிருந்தார்கள். எங்கள் வீட்டில் 4ஜீயே மழைக்காலத்தில் இரண்டு கோடாகக் குறுகி நிற்கும் நிலையில், அந்த எழுத்தைப் பார்த்து வாங்கிய அயலவர் ஒருவர் சிம் போடும் இடத்தைத் தேடிக் கருவியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததை நானே கண்டேன்.

சிம் இல்லாமை இந்த ரப்பின் மிகப் பெரிய குறை என்பதே என் கருத்து. சிம் போடக்கூடிய மாதிரி 4,600 ரூபா கூட என்பதால் நான் வைஃபை மட்டும் உள்ளதை எடுத்தேன், அது என் பிழை. கொழும்பில் வீட்டுக்கு வீடு இணைப்பு இருக்கலாம். எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் என்பது அப்பாவின் தொலைபேசியில் போடும் ஹொட்ஸ்பொட். அப்பா வயலுக்குப் போனால் இணையமும் வயலுக்குப் போய்விடும். மாலை நான்கு மணிக்குக் கணித வகுப்பு என்றால், அதற்குள் நான் வேலையிலிருந்து வந்து சேர வேண்டும், அல்லது மனைவியின் தொலைபேசியில் தரவு இருக்க வேண்டும். ஒரு மணி நேரச் சூம் வகுப்புக்கு எங்கள் கணக்கில் ஏறத்தாழ அரை ஜீபி போகிறது. ஹொட்ஸ்பொட் கொடுக்கும் தொலைபேசியின் பற்றரியும் சேர்ந்து இறங்குகிறது. இரண்டு மாதம் இப்படி ஓடிய பின்னர், பழைய ரவுட்டர் ஒன்றை 4,000 ரூபாவுக்கு வாங்கி வைத்தேன். அதாவது, மிச்சம் பிடித்த 4,600 ரூபாவில் 4,000 திரும்பப் போய்விட்டது. சிம் உள்ள மாதிரியை வாங்குவோர் காசு கொடுக்கும் முன்னர் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தி வரும் ஐஎம்ஈஐ எனப்படும் கருவியின் அடையாள இலக்கத்தை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதியப்பட்டதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு நிமிட வேலைதான்.

திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கருவியை வாங்கியதே அதற்காகத்தான். 1280க்கு 800 புள்ளிகள் கொண்ட 10.1 அங்குலத் திரை என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 150 புள்ளிகள் வரும். இன்றைய மலிவான தொலைபேசிகளிலும் இதைவிடக் கூடவே இருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்தின் விளிம்பு சற்றுப் பிசிறடிக்கிறது. குறிப்பாக, சிறிய எழுத்தில் ‘ண’கரமும் ‘ன’கரமும் அடுத்தடுத்து வரும்போது கண் ஒரு கணம் தயங்குகிறது. ஆனால் பெரும்பாலான வினாத்தாள்கள் ஏ4 அளவில் தயாரிக்கப்பட்டவை. ஏ4 தாளின் அகலம் 21 சென்ரிமீற்றர். ரப்பை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் 13.6 சென்ரிமீற்றர்தான், ஆகவே பக்கம் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். கிடையாக வைத்தால் அகலம் 21.7 ஆகிவிடும், வினாத்தாளை அச்சடித்த அதே அளவில், பாதிக்குச் சற்றுக் குறைவான பக்கத்தை ஒரே பார்வையில் பார்க்கலாம். மகள் கிடையாகவே வைத்துப் படிக்கிறாள். ஒரு பலவுள் தெரிவு வினாவும் அதன் நான்கு விடைகளும் வரைபடத்தோடு முழுமையாக ஒரே திரையில் அடங்குகின்றன. தொலைபேசியில் இதே வினாவைப் பார்க்கும்போது, வரைபடத்துக்கு மேலே போவதும் விடைக்குக் கீழே வருவதுமாகப் பெருவிரல் ஓயாது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே நான் கொடுத்த காசில் பெரும்பகுதி தகும் என்று நினைக்கிறேன்.

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களைத் தமிழ் மொழியிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்ஸலாவ இணையத்தளத்திலும் பாடங்கள் உள்ளன. தரம் 10க்குரிய நூல்கள் அனைத்தையும் ஒரே நாளில் இறக்கி வைத்துவிட்டோம், அதன் பிறகு படிப்பதற்கு இணையம் தேவைப்படவில்லை. கனமான விஞ்ஞான நூலில் பக்கம் திரும்ப ஒரு விநாடி எடுக்கிறது. அவளுக்கு அது பழகிவிட்டது.

ஒரு சிக்கலை மட்டும் எந்த விளம்பரமும் சொல்லாது, கடைக்காரருக்கும் தெரிந்திருக்காது. எங்கள் ஆசிரியர்களில் பலர் இன்னமும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில்தான் தட்டெழுதுகிறார்கள். பீடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால் பிரச்சினை இல்லை. வேர்ட் கோப்பாகவே அனுப்பிவிட்டால் ரப்பில் திறக்கும்போது, “அம்மா” என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துக்களும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். முதல் நாள் மகள் ரப் பழுதென்று அழாத குறையாக வந்து நின்றாள். இது இந்த ரப்பின் குற்றம் அன்று, ஒரு இலட்சம் ரூபா ரப்பிலும் இப்படித்தான் வரும். ஆசிரியரிடம் பீடிஎஃப் கேட்டு வாங்குவதே சுலபமான வழி. இல்லையென்றால் இணையத்தில் உள்ள எழுத்துரு மாற்றியில் ஒட்டி யூனிகோட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். தமிழ் விசைப்பலகை நன்றாக வேலை செய்கிறது. குரல்வழி உள்ளீட்டில் “தமிழ் (இலங்கை)” என்று தனியாகத் தெரிவு செய்ய முடிகிறது. நாங்கள் பேசுவதை அது ஓரளவுக்குப் பிடித்துக்கொள்கிறது.

கமராவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பின்கமராவால் கொப்பியைப் படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்பலாம், பகல் வெளிச்சம் இருந்தால். ஒலிபெருக்கி ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதால் அதைக் கையால் மூடிப் பிடித்துவிட்டு வகுப்பில் சத்தம் இல்லை என்று சொல்வது வழமையாகிவிட்டது. இலவச ஹெட்செட் ஆறாவது நாள் ஒரு காதை இழந்தது.

பற்றரி 6,000 எம்ஏஎச் என்று எழுதியிருந்தது. வாசிப்பும் ஒரு வகுப்பும் மட்டும் என்றால் காலை முதல் இரவு வரை தாங்குகிறது. இந்த விடயத்தில் ஓட்டோக்காரர் பொய் சொல்லவில்லை. கூட வரும் 10 வோற் சார்ச்சரில் முழுமையாக ஏற மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகிறது. வீட்டில் கிடக்கும் பழைய 5 வோற் தொலைபேசிச் சார்ச்சரைப் போட்டால் ஆறு மணி நேரம் பிடிக்கும். அதைப் பார்த்துப் பற்றரி பழுதாகிவிட்டதென்று கடைக்குக் கொண்டுவந்தவர்கள் பலர் என்று அந்த இளைஞரே சொன்னார்.

ஐந்தாவது கிழமையில் கருவிக்கு வருத்தம் வந்தது. சார்ச் ஏறும் துவாரத்தில் வயரைச் செருகினால் ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் ஏறும் என்ற நிலை வந்து, பிறகு அதுவும் நின்றுபோனது. எங்கள் வீடு கிறவல் வீதியோரம். பேருந்து ஒன்று போனால் விறாந்தையில் கிடக்கும் எல்லாவற்றின் மேலும் சிவப்பாகப் படியும். அந்தத் துவாரத்துக்கு மூடி எதுவும் இல்லை. புழுதியும் காரணமாக இருக்கலாம், துவாரமே தளர்வாகப் பொருத்தப்பட்டதும் காரணமாக இருக்கலாம். சந்தைக்கு அருகில் தொலைபேசி திருத்தும் தம்பியிடம் கொண்டுபோனபோது, இதே கருவிகள் இன்னும் மூன்று அதே வருத்தத்தோடு அவருடைய மேசையில் கிடந்தன. 1,800 ரூபாவுக்கு அரை மணி நேரத்தில் மாற்றித் தருவதாகச் சொன்னார். ஆனால் திறந்தால் வரண்டி போய்விடும் என்றும் அவரே நேர்மையாக எச்சரித்தார்.

ஆகவே வாங்கிய கடைக்கே போனேன். “ஒரு வருட வரண்டி” என்று பதாகையில் இருந்தது. அட்டையின் பின்பக்கத்தை அன்றுதான் வாசித்தேன்: ஏழு நாட்களுக்குள் மட்டுமே மாற்றித் தருவது, அதன் பின்னர் கூலி இல்லாத திருத்தம் மட்டும், திரைக்கும் சார்ச் துவாரத்துக்கும் உத்தரவாதம் இல்லை. இலகுவில் பழுதாகக்கூடிய இரண்டையும் விட்டுவிட்டு மீதிக்குத் தரப்படும் உத்தரவாதம் அது. கடை முதலாளி முதலில் அட்டையைக் காட்டிக் கையை விரித்தார். ஐந்து கிழமையில் பழுதாகும் பொருளை இப்படி விற்கலாமா என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குப் பேசிக் கேட்கப் போகிறேன் என்று சொன்ன பின்னர், குரல் தாழ்ந்து, “அண்ணை, கொழும்புக்கு அனுப்பிப் பாப்பம்” என்றார். கருவி பேருந்தில் பொதியாகப் போய், பத்தொன்பது நாட்கள் கழித்துத் திரும்பி வந்தது. போக்குவரத்துக்கு 650 ரூபா என்னிடமே வாங்கினார்கள். அந்தப் பத்தொன்பது நாட்களும் மகள் மீண்டும் என் தொலைபேசியில்தான் படித்தாள். விற்கும்போது காட்டிய அக்கறையில் பத்தில் ஒரு பங்கைத் திருத்தத்தில் காட்டியிருந்தால் அந்தக் கடைக்கு நான் தாராளமாக நல்ல வார்த்தை எழுதியிருப்பேன். திரும்பி வந்த பின்னர், காந்த முனையுள்ள வயர் ஒன்றை வாங்கி, முனையைத் துவாரத்திலேயே நிரந்தரமாக விட்டுவிட்டோம். வயர் அதில் ஒட்டிக்கொள்ளும், புழுதியும் போகாது. சோளகக் காற்று வீசிய மாதங்களையும் இப்படியே கடத்திவிட்டோம்.

தவணை முறையைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது, ஏனெனில் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேராவது அதில்தான் எடுத்தார்கள். பிரசுரத்தில் “வட்டி இல்லை” என்று கொட்டை எழுத்தில் இருந்தது. முற்பணம் 5,000, அதன் பின்னர் மாதம் 2,950 வீதம் பத்து மாதம். கூட்டினால் 34,500. கைக்காசு விலையை விட 6,600 ரூபா கூட. அதற்கு வட்டி என்று பெயர் வைக்காமல் சேவைக் கட்டணம் என்று வைத்திருந்தார்கள். முற்பணம் போக உண்மையில் கடனாகத் தருவது 22,900 ரூபா. அது மாதாமாதம் குறைந்துகொண்டும் போகிறது. அப்படிக் கணக்குப் பார்த்தால் மாதத்துக்கு ஐந்து வீதத்துக்குச் சற்றுக் குறைவாக வட்டி விழுகிறது. நுண்கடன் எடுத்துச் சீரழிந்த குடும்பங்கள் எத்தனை என்று வன்னியில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, இருந்தும் அந்த 2,950 என்ற எண் சிறிதாகத் தெரிகிறது. நெல்லாக மாற்றிப் பார்த்தால் அதன் பாரம் தெரியும். பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட உத்தரவாத விலை நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபா. கைக்காசில் வாங்கினால் ரப்பின் விலை 232 கிலோ நெல். தவணையில் வாங்கினால் 287 கிலோ. இடையில் உள்ள 55 கிலோ நெல்லை எதற்குக் கொடுத்தோம் என்று யோசிக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு சோடித் தோட்டை அடகு வைத்து வாங்கினாலும் இதைவிட மலிவாக முடிந்திருக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு, வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் படிப்புக்கென்று மட்டும், கைக்காசு கொடுத்து, சிம் போடும் மாதிரியாகப் பார்த்து. படம் பார்க்கவும் கேம் விளையாடவும் இதை வாங்குவது வீண். கேம் போட்டால் பத்து நிமிடத்தில் பின்பக்கம் தோசைக்கல் போலச் சுடுகிறது, படமும் சில செயலிகளில் தெளிவு குறைந்த தரத்தில்தான் வருகிறது. இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் கூடப் போட முடிந்தவர்கள் பெயர் தெரிந்த நிறுவனங்களின் ஆரம்ப நிலை ரப்புகளை எடுப்பது நல்லது. திரை கூர்மையாக இருப்பதோடு, பாதுகாப்பு மேம்படுத்தல்களும் சில வருடங்களுக்கு வரும். எங்கள் கருவிக்கு இந்த ஐந்து மாதத்தில் ஒரு மேம்படுத்தலும் வரவில்லை. கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் பழைய ஐபேட் இதைவிட மேல் என்று நினைப்பவர்கள், அதில் சூம் புதிய பதிப்பு ஏறுமா என்று முதலில் பார்த்துவிட்டு மகிழ்ச்சிப்படுங்கள். கடையில் வைத்தே பிளே ஸ்டோரின் அமைப்புகளுக்குள் போய்க் கருவி கூகுளால் சான்றளிக்கப்பட்டதா என்று பார்ப்பதும், அந்த மெமரி எக்ஸ்டென்ஷனை நிறுத்திக் காட்டச் சொல்வதும், வரண்டி அட்டையின் பின்பக்கத்தைக் காசு கொடுக்கும் முன்னர் வாசிப்பதும் நான் செய்யாமல் விட்டவை.

அந்த வயோதிப அம்மாவை யூனில் பரந்தன் சந்தியில் பேருந்துக்கு நின்றபோது கண்டேன். ரப் எப்படி என்று கேட்டேன். “சூம் வருது தம்பி” என்றார், வேறெதுவும் சொல்லவில்லை.

போன கிழமை அதே ஓட்டோ மறுபடியும் எங்கள் வீதியால் போனது. புதிய மாதிரி வந்திருக்கிறதாம், 31,900 ரூபாவாம், பதினாறு ஜீபி றாமாம். மகள் விறாந்தையில் இருந்து கணித வினாத்தாள் செய்துகொண்டிருந்தாள். தலை நிமிர்த்தாமலே சொன்னாள்:

“அப்பா, இந்த முறை நாலையும் பன்னிரண்டையும் கூட்டியிருக்கிறாங்கள்.”